உப்புக் காற்றில் ஒரு புற்றரை

சிலாபத்தில் முன்னேசுவரப் பெருமானை வணங்கி வடக்கே செல்பவர், பாலாவியில் இடப்புறம் திரும்புவாராயின் கற்பிட்டிக் குடாநாட்டை அடைவார். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளக் களப்பு, இடையே மணல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இம்மணல் ஓரிடத்தில் நில்லாது. அதனை நிற்கச் செய்பவை புல்லும் கொடியுமே. காலடியில் மிதிபடும் அவற்றைப் பெயர் சொல்லி அறிவோர் நம்முள் எத்தனை பேர்?

வீட்டு முற்றத்தில் மேனாட்டுப் புற்றரை வேண்டுமென விழைவோர் உளர். படங்களிற் காணும் அப்பசுமை பெரும்பாலும் கெந்தக்கி நீலப்புல், பெஸ்கியூ முதலிய குளிர்பருவப் புற்களால் ஆயது. நீலப்புல்லை இனங்காண்பது எளிது. அதன் இலைநுனி தோணியின் முனைபோற் குவிந்திருக்கும். நடுநரம்பின் இருமருங்கும் இரு மெல்லிய கோடுகள் ஓடும். ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பமே இவற்றிற்கு உகந்தது. நுவரெலியாவின் குளிரில் இவை பிழைக்கலாம். சராசரி வெப்பம் 27 பாகையை ஒட்டி நிற்கும் புத்தளத்திலோ வாடிவிடும்.

காரணம் யாது? வெப்பம் மிகும்போது இப்புற்கள் காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஒட்சிசனையும் பற்றிக்கொண்டு, ஆக்கிய உணவில் ஒரு பகுதியை வீணே இழக்கின்றன. அறுகும் கரும்பும் அவ்விழப்பைத் தவிர்க்கும் தனிவழி உடையன. அவ்வழியை 1966ஆம் ஆண்டில் ஹாட்ச், சிலாக் என்னும் அறிஞர் இருவர் அவுஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்து விளக்கினர்.

ஆதலின் நம் முற்றத்துக்கு ஏற்றது பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகே. கணுதோறும் வேர்விட்டுப் படரும் தண்டும், ஒரே புள்ளியிலிருந்து விரல்கள்போல் விரியும் பூங்கதிரும் அதன் அடையாளங்கள். அதனிடையே முளைக்கும் கோரையின் தண்டை உருட்டிப் பாருங்கள். முக்கோணமாய் விரலில் உறுத்தும். அறுகின் தண்டில் அவ்விளிம்புகள் இரா.

ஐப்பசி மழை தொடங்கும்போது, இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளை வெயில் படும் இடத்தில் நட வேண்டும். மரநிழலில் அறுகு மெலியும். வேரூன்றிய பின் நாள்தோறும் சிறிது தெளிப்பதிலும், இடைவெளி விட்டு ஆழ நனையக் காலையில் நீர் விடுவதே நன்று. வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற் குறைத்தலாகாது. வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அது எருவாகும்.

பசளை இடுவதில் மிகுந்த அவதானம் தேவை. மணல் அதனைப் பிடித்து வையாது. மழைநீரோடு நிலத்தடி நீரிற் சேர்த்துவிடும். மரக்கறிச் செய்கைக்கு மிகுதியாக இட்ட பசளையால் கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கவல்லது. புற்றரையின் பசுமைக்காகக் குடிநீரைப் பணயம் வைத்தல் தகுமா?

முற்றத்துக்கு அப்பால், கரை மணலில் அறுகுக்கும் இடமில்லை. அங்கே அரசு செலுத்துவது இராவணன் மீசை. அதன் இலைகள் ஊசிபோற் குத்தும். ஆண் செடியும் பெண் செடியும் வெவ்வேறு. முதிர்ந்த பெண் கதிர் முட்பந்தாக உதிர்ந்து, காற்றில் உருண்டோடி விதை பரப்பும். அருகே ஊதாப்பூ மலரும் அடம்பன் கொடி படரும். அழகில்லை என இவற்றைக் களைந்தால், மணலுக்குக் காவலில்லை. கரை தேயும், மணல் வீட்டு வாசலுக்கு வரும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பர் நம் முன்னோர். அத்திரட்சியைக் குலையாது விடுதலே அதற்கு நாம் செய்யும் பராமரிப்பு. முற்றத்தில் அறுகு, கரையில் இராவணன் மீசை என அவ்வவற்றை அவ்வவ்விடத்தில் வாழவிட்டால், மணலும் நிற்கும். கிணற்று நீரும் தூயதாய் இருக்கும்.