உழைப்பும் உடற்பயிற்சியும்

"தேயிலை மலையில் ஏறி இறங்கும் சனங்களுக்குத் தேகப் பயிற்சி எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள டிக்கோயாவில் கடைக்குப் போவதென்றாலும் ஏற்றம். கோயிலுக்குப் போவதென்றாலும் இறக்கம். நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து பறித்து, அதைச் சுமந்து மடுவத்தில் கொண்டு சேர்க்கும் தாய்மாரிடம் சென்று, "பாரம் தூக்கிப் பழகுங்கள்" என்று சொன்னால் அவர்கள் சிரிக்கமாட்டார்களா?

ஆயினும் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பிலே பாரத்தின் அளவை நிர்ணயிப்பது வேலை, உடம்பன்று. இடுப்பு நோகிறது என்பதற்காக மடுவத்துத் தராசு இரக்கங் காட்டுவதில்லை. அதே தோளும் அதே முதுகும் ஆண்டுக்கணக்கில் ஒரே விதமாகச் சுமந்து தேய்கின்றன. பயிற்சியிலோ பாரத்தின் அளவை நாமே நிர்ணயிக்கிறோம். அதை உடம்பின் எல்லாப் பகுதிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். வேண்டிய ஓய்வையும் தருகிறோம். தசை வலுப்பெறுவது பாரத்தைத் தூக்கும் அந்த நேரத்திலன்று. தூக்கியபின் உண்டு, உறங்கி, இளைப்பாறும்போதுதான். நம் பாட்டன்மாருக்குக் கிடைக்காமற் போனது பாரமன்று, இந்த ஓய்வே.

காலமும் மாறிவிட்டது. தோட்டத்து லயங்களிலே பிறந்தவர்கள் பலர் இன்று ஆசிரியர்களாகவும், எழுதுவினைஞர்களாகவும், கொழும்புக் கடைகளிற் சிப்பந்திகளாகவும் இருக்கிறார்கள். பாட்டனார் சுமந்தார், பேரன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். முப்பது வயதைத் தாண்டியபின், பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகும் என்பது வைத்தியர்கள் கணிப்பு. ஆறு நாள் அமர்ந்திருந்தவர் ஏழாம் நாள் மைதானத்துக்கு வந்து, இருபது வயதுப் பையன்களோடு கரப்பந்தாட்டத்திலே துள்ளி எழும்பினால் என்னவாகும்? பின்தொடை பிடித்துக்கொள்ளும், முழங்கால் வீங்கும். "வயது போய்விட்டது" என்று கூறி அத்துடன் விளையாட்டையே விட்டுவிடுவார். அப்படி ஒதுங்கிய நண்பர்கள் பலரை நாம் அறிவோம். அவர்களை ஒதுக்கியது வயதன்று, ஆயத்தமின்மையே.

சிவனொளிபாதமலை யாத்திரை இதற்கு நல்ல உதாரணம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதப் பௌர்ணமி வரை நல்லதண்ணி வழியாக ஏறுவோர், 5,000க்கு மேற்பட்ட படிகளைக் கடக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பதோ இறங்கியதனால்! இறக்கத்திலே தொடைத் தசை உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீளுகிறது. அவ்வேளையில்தான் அதன் நுண்ணிய இழைகள் அதிகமாகச் சிதைகின்றன. சில வாரங்களுக்கு முன்பிருந்தே மெதுவாகத் தாழ்ந்து எழும் பயிற்சி செய்தவருக்கு இவ்வலி வெகுவாகக் குறையும்.

பலம் பெறும் வழி மிகப் பழையது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மல்லன் மைலோ, ஓர் இளங்கன்றை நாள்தோறும் தூக்கிவந்து, அது காளையான பின்பும் தூக்கினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. நமது கிராமங்களில் இளவட்டக்கல் இருந்தது. தேகப் பயிற்சிக் கூடங்களிலே தண்டாலும், பஸ்கியும், கர்லாக்கட்டையும் இருந்தன. அக்கர்லாக்கட்டையைக் கண்ட ஆங்கிலேயப் படையினர், 19ஆம் நூற்றாண்டிலே அதைத் தங்கள் நாட்டுக்கும் கொண்டுபோனார்கள். மைலோவின் கதையிலுள்ள தத்துவத்தை வைத்தியமுறையாக்கியவர் அமெரிக்க இராணுவ வைத்தியர் தாமஸ் டிலோர்ம். யுத்தத்திலே முழங்கால் பழுதுற்ற வீரர்களுக்குச் சிறுபாரத்தைப் பன்முறை தூக்கவைப்பதே அன்றைய வழக்கம். அவரோ, பத்து முறைக்கு மேல் தூக்க இயலாத கனத்தைக் கொடுத்து, பலம் கூடக் கூடப் பாரத்தையும் கூட்டினார். அவர்கள் விரைவாகத் தேறியதை 1945இல் எழுதி வெளியிட்டார். இன்றைய முறைகள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இதற்குப் பெரிய கூடமோ, விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. நாமும் சக ஆசிரியர் சிலரும் திங்கள், வியாழன் மாலைகளில் கைக்கொள்வது இதுதான்: நாற்காலியில் அமர்வதுபோல் தாழ்ந்து எழுதல், முதுகை நேராக வைத்து, இடுப்பில் மடிந்து, தரையிலுள்ள மணல் மூட்டையை உடலோடு ஒட்டியெடுத்து நிமிர்தல், தண்டால், இயலாதவருக்குச் சுவரில் கையூன்றி, முன்குனிந்து நின்று தண்ணீர்க் கலனை இடுப்பளவுக்கு இழுத்தல், படியொன்றில் ஏறி மெதுவாக இறங்குதல். ஐந்து லீற்றர்க் கலனில் தண்ணீர் நிரப்பினால் ஐந்து கிலோ. கணக்குப் பார்க்கத் தராசும் வேண்டாம். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு மூன்று சுற்று. இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்றிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பன்னிரண்டு தடவையும் எளிதானால், அடுத்த வாரம் ஒரு கிலோ கூட்டலாம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மழைக்காலத்துக்குத் திண்ணை போதும்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் 2020இல் அறிவுறுத்தியது. பெண்களுக்கும் இது பொருந்தும். எலும்பு நலிவடையும் வயதிலே அவர்களுக்கே இது மிக அவசியம். "இனி எதற்கு?" என்று கேட்கும் முதியோருக்கும் ஒரு சேதி உண்டு. 1990இல் வெளியான ஆய்வொன்றுக்காகப் பொஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றிலிருந்த தொண்ணூறு வயதுக்காரர் பத்துப்பேருக்கு எட்டு வாரம் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். அதை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால் வலிமை, சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேலாகியது.

எச்சரிக்கையும் அவசியம். பாரத்தைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்து வைத்திருத்தலாகாது. தூக்குகையில் வெளியே விட வேண்டும். இரத்த அழுத்தமோ, நெஞ்சு நோவோ, நீரிழிவோ உள்ளவர்கள் முதலில் கிளங்கன் வைத்தியசாலையிலோ, வேறெங்கோ வைத்தியரைக் கண்டு ஆலோசித்தபின் தொடங்குவதே முறை. மூட்டிலே கூர்மையான வலி எழுந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பாரம் என்ற சொல்லுக்கு மலையகத்திலே கசப்பான பொருள் உண்டு. நம் முன்னோர் பிறருக்காகச் சுமந்தார்கள். எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. நமக்கு அவ்வுரிமை கிட்டியிருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை, நம் உடம்புக்காக, நாமே அளந்த ஒரு மூட்டையைத் தூக்கி இறக்குவது பெரிய காரியமன்று. ஆனால் ஐம்பது வயதிலும் மைதானத்துக்குப் போகவும், அறுபதிலும் மலையேறவும் அது போதும்.