தகுதியுள்ளவர்கள்

1876-78 மதராஸ் பஞ்சத்தின்போது டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எடுத்த படங்களை எல்.ஆர்.டி.யில் நின்றுகொண்டுதான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்ததும் கைப்பேசியைத் திருப்பிக்கொண்டேன். ஹூப்பர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி. எலும்பும் தோலுமான மனிதர்களைக் குழுவாக உட்கார வைத்து எடுத்திருக்கிறார். ஒரு படத்தின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியுள்ளவர்கள்' என்று வரும்.

அந்தத் 'தகுதி'யில்தான் மாட்டிக்கொண்டேன். அன்றைய முறையில் உடம்பில் தெம்பிருந்தால் வேலை செய்தால்தான் கூலி. பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அப்படி வெட்டியதுதான். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. வேலைக்கே ஆகாதவர்களுக்குத்தான் சும்மா சோறு. அப்படியென்றால் அந்தப் படத்தில் விலா எலும்புதான் சான்றிதழ்.

எனக்கும் ஒருமுறை சான்றிதழ் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு, பள்ளித் தொடக்க உதவி நிகழ்ச்சி. அம்மா முதல் நாள் ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். காலணி அண்ணன் முறை ஆகிறவருடையது, புதுசு. ஏற்பாட்டாளர் ஒருவர் அந்தக் காலணியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பையனுமா?" என்று கேட்டார். படத்தில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். அம்மா அந்த நாளிதழை வாங்கவேயில்லை.

ஹூப்பரின் படங்களில் நான் பார்த்தவரை கொடுப்பவர் இல்லை, பார்க்கிறவர்தான் கொடுப்பவர். நம் ஊரில் கொடுப்பவர் நடுவில் நிற்பார். பெரிய மாதிரி காசோலை, பேனர், சிரிப்பு. வாங்குகிறவருக்குப் பெயர்கூட இருக்காது, 'பி40 குடும்பம்' அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு என் கம்பெனி சார்பில் ஓர் அடுக்குமாடிக்குப் போனோம். சிஎஸ்ஆர். தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே கொடுக்கச் சொன்னார்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டை. ஒரு முனை என் கையில், மறுமுனை ஒரு பாட்டி கையில். படம் எடுப்பவர் வெளிச்சம் சரியில்லை என்று இரண்டு முறை எடுத்தார். பாட்டியின் கை நடுங்கியது. நானே தூக்கிக்கொண்டு உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றேன்.

பாட்டி கேமராவைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "ஆச்சாப்பா? கீழ வச்சிரலாமா?"

"இன்னும் ஒன்னே ஒன்னு பாட்டி" என்றேன்.