சொல்லிட்டுப் போடா!

நான் பி.காம்., சார். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு, கரண்ட் பில் கட்டுவதோடு சரி. அப்படிப்பட்ட என்னிடம், பெங்களூரிலிருந்து லீவுக்கு அச்சங்குளம் வந்திருந்த அக்கா மகன் ராத்திரி பதினோரு மணிக்கு, "மாமா, நாய் தொல்லை தாங்கலை" என்றான்.

தெருவை எட்டிப் பார்த்தேன். ஒரு நாயும் இல்லை.

"தெரு நாய் இல்ல மாமா, வாட்ச்டாக்!" என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டைக் காட்டினான். அதற்குள் ஒரு டைமர் ஓடுமாம். 'உயிரோடதான் இருக்கேன்' என்று சாஃப்ட்வேர் அதை அடிக்கடி தட்டிக்கொடுக்க வேண்டும். சொன்ன கெடுவுக்குள், உதாரணமாக 60 விநாடிக்குள், தட்டவில்லையா? 'ஆள் அவுட்' என்று மெஷினையே ரீஸ்டார்ட் செய்துவிடும்.

"சரி, உனக்கென்ன வேலை?"

"பழைய டிரைவரைப் புது முறைக்கு மாத்தறேன்."

லினக்ஸில் முன்பெல்லாம் ஒவ்வொரு வாட்ச்டாக் டிரைவரும் கதவைத் திறப்பது, மூடுவது, கேள்விக்குப் பதில் சொல்வது என்று சகலத்தையும் தானே செய்துகொள்ளும். கடைக்குக் கடை இஷ்டத்துக்குப் பேரேடு எழுதிய கதை! 2011-ல் வந்த 3.1 கெர்னலில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அமைப்பை வைத்தார்கள். டிரைவர் இப்போது 'ஆரம்பி, நிறுத்து, தட்டு, கெடுவை மாற்று' என்ற சில்லறை வேலைகளை மட்டும் சொன்னால் போதும். மற்றதைப் பொதுக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார். அதனால் மாற்றும் வேலையில் பெரும்பங்கு, பழைய வரிகளை அழிப்பதுதானாம்.

அழித்தான். போர்டு நிமிஷத்துக்கு ஒருமுறை செத்துச் செத்துப் பிழைத்தது. கடைசியில் பார்த்தால், மெஷின் கண் விழிக்கும்போதே பூட்லோடர் டைமரை முடுக்கி விட்டிருக்கிறது. 'நாய் ஏற்கெனவே முழிச்சிருக்கு' என்று கணக்குப்பிள்ளையிடம் இவன் சொல்லவில்லை, அவரும் தட்டவில்லை. அதைச் சொல்ல ஒரு வரி சேர்த்தான். அடங்கியது.

"இன்னொரு தமாஷ் மாமா. வேலை முடிஞ்சு கிளம்பறப்ப 'வி'ன்னு ஓர் எழுத்து எழுதிட்டுப் போகணும். எழுதாம கதவை மூடினா, ஆளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு டைமர் ஓடிக்கிட்டே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2021 பிப்ரவரி 12. இதே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அத்தானுக்கு வேறோர் ஆலையில் வேலை. அது அக்காவுக்கும் தெரியும். ஆனால், மனசு கேட்க வேண்டுமே! காலையில் ஏதோ சண்டை, மனுஷன் சொல்லாமல் கிளம்பியிருந்தார். செல்போன் ஆலை கேட்டில். அக்கா அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே நின்றாள். ஆறரை மணிக்கு அவர் சைக்கிள் தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ரெண்டு சட்டம். 'போயிட்டு வாரேன்' சொல்லாமல் யாரும் படியிறங்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் அத்தான் கேட்டுக்கு வந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தாக வேண்டும். இரண்டு மணி தாண்டினால், அக்கா செருப்பை மாட்டிவிடுவாள். மெஷின் என்றால் ரீஸ்டார்ட் ஆகும். மனுஷன்?

மறுநாள் காலை, மாப்பிள்ளை காதில் போனும் தோளில் பையுமாக விடுவிடுவென்று படியிறங்கினான்.

"டேய்! சொல்லிட்டுப் போடா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

திரும்பி வந்தான். "போயிட்டு வாரேம்மா."

பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியமாக, "வி எழுதியாச்சு மாமா" என்றான்.