பழைய காருக்கு எந்த பிரேக் பைப்: பொழிச்சலூர்ப் பட்டறைகளில் உலோகத் தேர்வு

வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரும், 2014 வரை வெளிவந்த அம்பாசிடரும் புதுப்பிப்புக்காகச் சென்னையை அடுத்த பொழிச்சலூர், பம்மல் வட்டாரப் பட்டறைகளுக்கு வந்து சேரும்போது, பெயிண்டுக்கும் குரோமுக்கும் உரிமையாளர் காட்டும் அக்கறை வண்டியின் அடியில் ஓடும் பிரேக் பைப்புக்குக் கிடைப்பது அரிது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது, பெரும்பாலும் 4.75 மி.மீ. வெளிவிட்டமே உள்ள இந்தப் பைப்தான். ஒரே சுற்றில் எல்லாச் சக்கரங்களையும் இணைத்த அக்காலத்துக் கார்களில் ஓரிடத்தில் பைப் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும்.

தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது, தகட்டை இரண்டு சுற்றாக உருட்டித் தாமிரத்தால் பற்றவைத்த எஃகுப் பைப். கடற்காற்றும் தேங்கும் மழைநீரும் அதை வெளியிலிருந்து அரிக்க, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ள பிரேக் ஆயில் உள்ளிருந்தும் துருவை வளர்க்கிறது. அடையாறு பெருகிய 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாயின் பழைய பைப்பை நம்பவே கூடாது.

மாற்றாகப் பலர் கேட்பது, ஏ.சி. வேலைக்குப் பயன்படும் செம்புக் குழாய். அது எளிதில் வளையும், துருவும் பிடிக்காது. ஆயினும் ஓயாத அதிர்வில் இறுகி, நட்டுக்கு அருகே விரிசல் விடுமாதலால் பிரேக்குக்கு முற்றிலும் தகாதது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவை வென்றாலும், அதன் கடினத்தன்மையால் கைக்கருவியில் முனை சரியாக விரியாமல் கசிவுக்கு இடம் கொடுக்கும். ஏறத்தாழ 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும், சிறிதளவு இரும்பும் மாங்கனீசும் கலந்த குப்ரோநிக்கல், கப்பல்களின் கடல்நீர்க் குழாய்களில் நிலைத்த உலோகம். வோல்வோ நிறுவனம் 1970களிலேயே தன் கார்களில் இதைக் கையாளத் தொடங்கியது. எஃகைவிட விலை கூடினாலும் கடலோர நகரத்துப் பழைய காருக்கு ஏற்றது இதுவே.

எனினும் உலோகம் பாதிதான். மீதி, தொழிலாளியின் கையில் உள்ளது. பழைய பைப்பை அச்சாக வைத்து வளைவுகளை எடுத்து, பைப் கட்டரால் நேராக வெட்டி, பிசிறு நீக்கி, மறவாமல் நட்டை முதலில் கோத்து, அச்சில் இறுக்கி முனையை விரிக்க வேண்டும்; இந்த விரிப்பே ஃபிளேர் எனப்படும். விரித்த விளிம்பை மீண்டும் உள்ளே மடித்து இரட்டை ஃபிளேர் ஆக்குவதா, வெளிப்புறம் புடைத்த ஃபிளேராக விடுவதா என்பதை, பைப் சென்று அமரும் சிலிண்டரின் வாய் முடிவு செய்கிறது. இறுதியில் ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து ‘ஏர் எடுக்கும்’ வேலை, குமிழி முற்றிலும் நிற்கும்வரை பொறுமையைக் கோருகிறது. ஒரு பைப்பின் முனை கோணினால் அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கும் தொழிலாளியே நம்பத் தக்கவர். அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுப்பது உரிமையாளரின் கடமை.

ஆகவே, பழைய காரைப் புதுப்பிக்க விடுவோர், பெயிண்ட் வேலைக்கு முன்பே பிரேக் பைப் முழுவதையும் மாற்றவும், மதிப்பீட்டுச் சீட்டில் குப்ரோநிக்கல் என்ற பெயரை எழுதி வாங்கவும் வேண்டும்.