சில்லு புதைந்த இடம்

போன கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என்னுடைய பெறாமகன் ஒரு பழைய பஜேரோவைக் கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். அவன் மனைவி பிள்ளைகளோடு சார்ஜாவுக்கு வந்து எட்டு மாதந்தான். வாகனம் வாங்கி இரண்டு கிழமை.

"சித்தப்பா, தேசிய தின லீவுக்குப் பிள்ளையளை ஓமானுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். கடலோரத்தில ஒரு இடமாம், லட்சக்கணக்கில பறவையள் வருமாம். வாகனம் அதுக்குத் தோதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

இருபது வருடத்துக்கு மேல் கராஜ் வேலை செய்தவன் நான். கேட்டால் பார்க்காமல் இருக்க முடியாது. முதலில் ரயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது என்று அர்த்தம். செய்து 5 வருடம் கடந்த ரயரோடு ஓடுவதை அமீரகத்தில் அனுமதிப்பதில்லை. மேலே பூ நன்றாக இருந்தாலும் வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் வெடித்திருக்கும். இவனுடைய நான்கில் இரண்டு அப்படித்தான் இருந்தன. பிறகு ரேடியேற்றர், நான்கு சில்லும் இழுக்கிறதா, முன்னும் பின்னும் கயிறு கொளுவும் கொக்கி அடிச்சட்டத்தில் இறுகியிருக்கிறதா, மாற்றுச் சில்லு, ஜக், தீயணைப்பான், முக்கோணச் சைகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காற்றடிக்கும் சின்ன மோட்டாரும், சவளும், ஜக்குக்குக் கீழே வைக்க ஒரு தடித்த பலகையும் வாங்கச் சொன்னேன். பலகை இல்லாவிட்டால் மணலில் வாகனம் எழும்பாது, ஜக்தான் தாழும்.

கடதாசிகளும் வாகனத்தின் ஒரு பாகந்தான். முல்கியா செல்லுபடியாக வேண்டும். எல்லை கடக்க ஓமானுக்கான இன்சூரன்ஸ் வேண்டும். அதை இங்கே 'ஒறேஞ் காட்' என்பார்கள். இவற்றை விட முக்கியமாக, தார் றோட்டை விட்டு இறங்கினால் இன்சூரன்ஸ் செல்லுமா என்று பத்திரத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். சாதாரணப் பத்திரங்கள் பலவற்றில் செல்லாது.

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், "எந்த இடம்?" என்று கேட்டேன்.

"பர் அல் ஹிக்மான்" என்றான்.

உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டு வந்த மனைவி என்னைப் பார்த்தா. நான் வாசற்படியில் இருந்துவிட்டேன்.

2015ஆம் ஆண்டு, இதே தேசிய தின லீவுக்கு, அங்கேதான் போனோம். மசீரா தீவுக்கு எதிரே ஓமானின் கிழக்குக் கரையில் இருக்கிற சேற்று வெளி அது. வற்றுக்கடல் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஈரச் சேறு. வடக்கே சைபீரியாப் பக்கமிருந்தெல்லாம் வரும் கரைப் பறவைகள் ஐந்து லட்சத்துக்கு மேல் மாரி காலத்தை அங்கே கழிக்கின்றன. 2014இல் ஓமான் அரசு அந்தப் பிரதேசத்தை அல் வுஸ்தா ஈரநிலக் காப்பகமாக அறிவித்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் போன எங்களுக்கு அது தெரியாது. கேட்கவும் இல்லை. இரண்டு குடும்பம், ஒரு வாகனம், ஆறு பிள்ளைகள். ஒரு வாகனத்தோடு போனதே முதற் பிழை.

வாகனத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. நானே பூட்டிச் சரிபார்த்தது. அந்தத் துணிவுதான் எங்களைக் கெடுத்தது.

இங்கத்தைய கரையோரங்களில் 'சப்கா' என்று ஒரு நிலம் உண்டு. நிலத்தடி உப்புநீர் மேலே கசிந்து வந்து வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் மேலே படையாகக் காயும். பார்த்தால் சீமெந்துத் தரை மாதிரி மட்டமாக, கெட்டியாக இருக்கும். மனிதரைத் தாங்கும். இரண்டு தொன் வாகனத்தைச் சில இடத்தில் தாங்கும், சில இடத்தில் தாங்காது. படை உடைந்தால் கீழே களி. மணல் என்றால் 35 றாத்தல் காற்றை 15, 18 என்று குறைத்து, ரயரைப் பரவவிட்டு வெளியே வந்துவிடலாம். சப்காவில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. சில்லைச் சுழற்றச் சுழற்ற அது தன் குழியைத் தானே தோண்டும்.

பின்னேரம் நாலு மணிபோல், பூநாரைக் கூட்டமொன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டு, பழைய தடத்தை விட்டு ஒரு நூறு மீற்றர் விலத்தினேன். படார் என்று ஒரு சத்தம். வாகனம் வயிற்றில் இருந்துவிட்டது. தோண்டினோம், கால்மிதியடியெல்லாம் போட்டோம், தள்ளினோம். பொழுது பட்டது. தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு மாதிரித் தெரிந்த தண்ணீர் கிட்ட வந்துகொண்டிருந்தது. கடல் பெருகுகிறது. கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை.

சேற்றில் நின்றபடி மனைவி சொன்னா: "கொம்படியில பட்டது காணாதெண்டே இஞ்சையும் சேறு தேடி வந்தனீங்கள்?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. 1990இன் கடைசியில், ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்த மாரியில், கொம்படி ஊரியான் வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் நாங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் அம்மா, சாமான், அயலட்டைப் பிள்ளைகள். மிசின் தாண்டபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினோம். அன்று அந்தச் சேற்றில் இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இன்று இறங்கியதற்கு ஒரு காரணமும் இல்லை, ஒரு படம் பிடிக்கும் ஆசையைத் தவிர.

இருட்டிய பிறகு ஒரு மீனவர் வந்தார். தன் பிக்கப்பைக் கடினமான தடத்திலேயே நிறுத்திவிட்டு, வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நாங்கள் கையைக் காட்டி "இங்கே கொண்டு வாருங்கள்" என்கிறோம். அவர் தலையை ஆட்டினார். ஒரு அடியும் உள்ளே கொண்டு வரவில்லை. முதலில் பிள்ளைகளை நடத்திக்கொண்டுபோய்த் தன் வாகனத்தில் ஏற்றினார். பிறகு வள்ளத்துக் கயிறுகளை முடிந்து நீளமாக்கி, தடத்தில் நின்றபடியே எங்கள் வாகனத்தை, நாங்கள் வந்த சுவட்டாலேயே பின்னுக்கு இழுத்தார். தண்ணீர் முன் சில்லைத் தொட்டபோதுதான் அது அசைந்தது.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. பிளாஸ்கில் மிஞ்சிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். போகுமுன் வெளிச்சத்தை அடித்துப் பக்கத்தில் இரண்டு கோடுகளைக் காட்டினார். யாரோ ஓட்டிய சில்லுத் தடம். மூன்று வருடத்துக்கு முந்தியது என்று விரலால் எண்ணிக் காட்டினார். அன்று எங்கள் தடத்தையும் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

உப்புத்தண்ணீர் போன கியர்ப்பெட்டியைத் திருத்த நாலாயிரம் திர்ஹம் முடிந்தது. 'றோட்டுக்கு வெளியே நடந்தது' என்று இன்சூரன்ஸ் ஒரு சதமும் தரவில்லை.

இதையெல்லாம் பெறாமகனுக்குச் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்ப என்ன, இன்னும் நல்ல வாகனமோ தேவை?"

இல்லையப்பா. வாகனம் தகுதியாக இருக்கலாம், நிலம் அதைத் தாங்க வேண்டுமே. அந்தச் சேறு வெறும் சேறு அல்ல. அதற்குள் சிறு நண்டும் நத்தையும் புழுவும் இருக்கின்றன. பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து வரும் பறவைக்கு அதுதான் சோறு. நண்டு தின்னும் கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று அந்தப் பக்கத்தில் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். மேலே சில்லு ஏறினால் வளை இடிந்துவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியவும் வராது.

ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ரம்சார் நகரில் ஒரு உடன்படிக்கை செய்தார்கள். டுபாயின் ராஸ் அல் கோர் 2007இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010இல் சேர்ந்தது. ஊரில் பூநாரை வருகிற களப்பும் இங்கே பூநாரை வருகிற களப்பும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் அமீரகமும் ஓமானும் சேரவில்லை. இங்கே எங்கள் இருப்பு வேலையிலும் விசாவிலும் தொங்குகிறது. 'தெரியாமல் போய்விட்டோம்' என்பது காப்பகக் காவலரிடமோ பொலிசிடமோ எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள். போகுமுன் இடம் காப்பகமா என்று கேளுங்கள். அனுமதி வேண்டுமென்றால் எடுங்கள். இரண்டு வாகனமாக, இடம் தெரிந்த ஒருவரோடு, கடல் பெருகும் நேரத்தை அறிந்து, இருக்கிற தடத்திலேயே போங்கள். தடம் முடிகிற இடத்தில் வாகனத்தை நிறுத்தி இறங்கி நடவுங்கள். அந்த மீனவர் செய்தது அதைத்தான்.

பெறாமகன் ஓமான் பயணத்தைத் தள்ளிவைத்தான். ரயர் இரண்டையும் மாற்றினான். லீவுக்கு எல்லோருமாக அபுதாபிக்கு அருகிலுள்ள அல் வத்பாவுக்குப் போனோம். சுத்திகரித்த கழிவுநீர் வழிந்து தேங்கி உண்டான நீர்நிலை அது. 1998இல் பூநாரைகள் அங்கே குஞ்சு பொரித்தன. அதே வருடம் அதைக் காப்பகமாக்கினார்கள். 2014 முதல் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். உள்ளே நடைபாதை மட்டுந்தான். குளிர்காலத்தில்தான் போகலாம், திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஜேரோ வெளியே வெயிலில் நின்றது. சின்னவள் நடந்து நடந்து பூநாரைகளை எண்ணினாள். நூற்றுப் பதினேழில் பிழைத்துவிட்டது. திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.