ஆறு மாதம்வரை

டோம்பிவிலி கிழக்கில் எங்கள் சால் குடியிருப்பின் கடைசி வீடு சுனிலுடையது. உல்ஹாஸ்நகரிலிருந்து குடிவந்த சிந்திக் குடும்பம். அவனுக்கும் என் வயதுதான். என் தோள்வரைக்கும்தான் இருப்பான். கன்ன எலும்பு துருத்தியிருக்கும், கண் மஞ்சள் பாரித்திருக்கும். கோலி ஆடும்போது பாதியில் சுவரோரம் சாய்ந்துவிடுவான். மூன்று வாரத்துக்கொரு முறை அவன் அம்மா பரேலுக்கு லோக்கலில் கூட்டிப்போவார், ரத்தம் ஏற்ற. சாயங்காலம் உதடு சிவந்து திரும்புவான். அன்றைக்கு முதல் பேட்டிங் அவனுக்குத்தான்.

"பொறந்தப்போ குண்டுக் குழந்தை. ஆறு மாசத்துல யார் நஜர் பட்டதோ" என்று அந்த ஆன்ட்டி இந்தியில் புலம்புவார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிச் சிக்ரி அடுப்பில் போட்டாள். "பாரு, நெடியே வரலை!"

தலசீமியா. ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்தில் படிந்து, நான் எட்டாவது படிக்கையில் சுனில் போய்விட்டான்.

ஆன்ட்டி சொன்ன அந்த ஆறு மாதத்தில்தான் விஷயம் இருந்தது. கருவிலிருக்கும் குழந்தை காமா குளோபினை வைத்து ஹீமோகுளோபின் செய்கிறது. பிறந்தபின் அந்த மரபணு மெல்ல அடங்கி, பீட்டா குளோபின் பொறுப்பேற்கிறது. சுனிலுக்குப் பீட்டா மரபணுவின் இரண்டு பிரதிகளுமே பழுது. காமாவோ பழுதில்லாமல், ஆனால் மூடிக் கிடந்தது. டிஎன்ஏவில் ஒட்டி அதை மூடிவைக்கும் புரதம் பிசிஎல்11ஏ என்று பாஸ்டனில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் 2008இல் காட்டினார்கள்.

அதை அடியோடு ஒழிக்க முடியாது. மூளைக்கும் பி லிம்போசைட்டுகளுக்கும் அது வேண்டும். ஆனால் சிவப்பணு உருவாகும் செல்களில் அந்தப் புரதத்தின் உற்பத்தியை ஏற்றிவிடுவது தனியொரு டிஎன்ஏ துண்டு. காட்டா1 என்ற இன்னொரு புரதம் அதில் வந்து ஒட்ட வேண்டும். அந்த இடத்தை மட்டும் வெட்டினால் போதும், காமா மறுபடி திறந்துகொள்ளும். எங்கள் சாலில் ஒரு வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கினால் மற்ற வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், அப்படி. எனக்கு இது இன்னும் பிரமிப்புதான்.

நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லிலேயே அப்படி வெட்டும் கேஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

நம்மால் முடிந்தது, ஒருவர் இந்நோயின் கடத்தியா என்று காட்டும் ஹெச்பிஏ2 ரத்தப் பரிசோதனை. தம்பதி இருவருமே பீட்டா தலசீமியாவின் கடத்திகள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, தப்பினால் கர்ப்பத்தின் முதல் மாதங்களிலாவது, அதைச் செய்துவிடுங்கள்.