மைக் குழாயும் நனைந்த தானியமும்



நமது மக்தபில் காலையும் மாலையுமாக 60 பிள்ளைகள் ஓதுகின்றனர். அவர்களுக்குப் பாடத் தாள்கள் அச்சிட, ஜமாஅத்தின் பணத்தில் சிறிய இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்று வாங்கப்பட்டது. அதன் கருப்புக் கார்ட்ரிட்ஜில் இருந்த மை ஏறக்குறைய ஐந்து மில்லிலிட்டர்தான். பிள்ளைக்கு வாரம் இரண்டு தாள் என்றால், ஒன்றிரண்டு வாரங்களில் அது வற்றிவிடும். புதியது வாங்க 700 ரூபாய். கடையில் தனியே விற்கும் 100 மில்லி மைப் புட்டியோ 150 ரூபாய். இந்தக் கணக்கு யாரையும் மயக்கும், நம்மையும் மயக்கியது.

கணினிக் கடையில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் வழி காட்டினார். கார்ட்ரிட்ஜின் மேலிருந்த ஒட்டுத்தாளை உரித்து, சூடேற்றிய கம்பியால் துளையிட்டோம். மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் குழாயை அதில் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்தோம். குழாயின் மறுமுனை மைப் புட்டிக்குள். புட்டியின் மூடியில் காற்று புகச் சிறு துளை. குழாயில் குமிழி நின்றால் மை வராது. சிரிஞ்சால் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். கைவேலை தெரிந்தோர் பல நாடுகளில் இவ்வாறு செய்து பழகிய பின்னரே தயாரிப்பாளர்களும் இறங்கி வந்தனர். எப்சன் நிறுவனம் மைத் தொட்டியுடன் கூடிய பிரிண்டரை 2010-இல் முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நாம் அறியாதிருந்தது புட்டியின் உயரம். அச்சுத்தலையைவிடப் புட்டி உயர்ந்திருந்தால் மை தானாக இறங்கி வழியும். மிகவும் தாழ்ந்திருந்தால் மை பின்வாங்கி நுண்துளைகள் வறண்டுபோகும், தாளில் வெள்ளைக் கோடுகள் விழும். தமிழில் அத்தகைய தாளையும் ஒருவாறு படித்துவிடலாம். அரபியில் அப்படியன்று. ஜீமுக்குக் கீழே ஒரு புள்ளி, காவுக்கு மேலே ஒரு புள்ளி, ஹாவுக்குப் புள்ளியே இல்லை. உருவமோ மூன்றுக்கும் ஒன்றே. மை வழிந்த நாளில் தாவின் இரு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு, சொல்லின் நடுவே நூனாகத் தோன்றின. மை வறண்ட நாளில், அலக் சூராவை ஓதிய பத்து வயதுச் சிறுவன் ‘கலக’ என்பதை ‘ஹலக’ என்றான். முன்னதற்குப் படைத்தான் என்று பொருள். பின்னதற்கு மழித்தான் என்று பொருள்! நாம் அவனைக் கடிந்துகொண்டோம். அவன் வாய் திறவாமல் தாளை நீட்டினான். வெள்ளைக் கோடு புள்ளியை விழுங்கியிருந்தது.

அரபியர் அல்லாதோர் பிழையாக ஓதுவதைத் தடுக்கவே, ஹஜ்ஜாஜின் காலத்தில் நஸ்ர் இப்னு ஆஸிம் போன்றோர் இப்புள்ளிகளை ஒழுங்கு செய்தனர் என வரலாற்றில் ஓதியிருக்கிறோம். அந்த உழைப்பை ஒரு குளுக்கோஸ் குழாய் அழித்துக்கொண்டிருந்தது. வீடுகளுக்குச் சென்ற தாள்களையெல்லாம் திரும்ப வாங்கி, துணியில் சுற்றி, மையவாடியின் ஓரத்தில் புதைத்தோம். புட்டி வைக்க ஒரு பலகை அடித்து, சரியான உயரத்தில் கோடு கிழித்தோம். அதன் பின்னர் சில மாதங்கள் அச்சு நன்றாகவே வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

எட்டாம் மாதத்தில் குழாய் உள்ளே சிக்கி, கார்ட்ரிட்ஜை நகர்த்தும் பற்சக்கரம் உடைந்தது. உத்தரவாதம் ஓராண்டு. “குழாயைக் கழட்டிட்டுப் பழைய கார்ட்ரிட்ஜைப் போட்டுக் கொண்டு போங்க ஹஜ்ரத், யாரும் கேக்க மாட்டாங்க” என்றார் அதே மாணவர். நாமும் அவ்வாறே செய்தோம். சிந்திய மையைப் பஞ்சால் துடைத்தோம். விரல் நுனிக் கறை மட்டும் போகவில்லை.

பழுதுபார்க்கும் நிலையத்தில் ஒரு படிவம் தந்தனர். வெளி மை பயன்படுத்தியதுண்டா என்று அதில் ஒரு வரி. பேனா அங்கே நின்றுவிட்டது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை அந்த வாரம்தான் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். நம் பொருளில் நாம் துளையிட்டது குற்றமென்று இன்றும் நாம் எண்ணவில்லை. ஆனால் அந்தப் பஞ்சு, ஈரத்தை அடியில் தள்ளும் வேலையைத்தான் செய்திருந்தது. ‘ஆம்’ என்று எழுதி, பையிலிருந்த குழாயையும் எடுத்து மேசைமேல் வைத்தோம். உத்தரவாதம் செல்லாது, 850 ரூபாய் ஆகும் என்றனர்.

அத்தொகையை நம் கையிலிருந்தே கொடுத்தோம். முதவல்லியிடம் நடந்ததைக் கூறியபோது அவர் கோபப்படவில்லை. “கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க கேக்கலையே” என்றார் மெதுவாக. பிறர் அமானத்தில் நாமே முடிவெடுத்துத் துளையிட்டது அப்போதுதான் உறைத்தது. 850 ரூபாயைவிட அது கனத்தது.

இப்போது அவருடைய ஒப்புதலுடன் குழாய் மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது. பாடம் அச்சிடுமுன் 28 எழுத்துகளையும் கொண்ட ஒரு தாளை அச்சிட்டு, ‘ஹலக’ என்று ஓதிய அதே சிறுவனிடம் கொடுக்கிறோம். யாவின் இரண்டையும் சேர்த்து 22 புள்ளிகள். அவன் விரல் வைத்து எண்ணி முடிக்கும்வரை அடுத்த தாள் போவதில்லை. சென்ற வியாழனன்று 21 என்றான்.